டாஷ்போர்டில எக்ஸ்ட்ரா மீட்டர் சரிச்சுப் பூட்டுறது எப்படி: புதுசாத் தொடங்குற ஆக்களுக்கு

ஹீட் மீட்டர், ஒயில் பிரஷர் மீட்டர், வோல்ட் மீட்டர் எண்டு தனியா வாங்கி வாகனத்தில பூட்ட ஆசைப்படுற ஆக்கள் யாழ்ப்பாணத்தில இப்ப கனபேர். பழைய லான்சர், டொல்பின் ஹையேஸ், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வச்சிருக்கிற ஆக்களுக்கு இது ஆசைக்கு மட்டுமில்லை, தேவையும்தான். கம்பனி மீட்டரில ஊசி நடுவில நிக்கும், எஞ்சின் சூடேறிப் போன பிறகுதான் அது அசையும், அதுக்குள்ள ஹெட் கஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் புளொக்குக்கும் இடையில இருக்கிற தகடு) போயிடும். ஆனா மீட்டரை வாங்கினாப் பிறகு எங்க பூட்டுறது, எந்தக் கோணத்தில பூட்டுறது எண்டு கேட்டால் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுவினம், நான் அங்கை இங்கை கேட்டு, கழட்டிப் பூட்டித்தான் இதெல்லாம் பொறுக்கினனான். நீங்களும் அப்பிடி அலைய வேண்டாம் எண்டுதான் எழுதுறன்.

ஒண்டை முதல்லயே சொல்லிப்போடுறன். சரிச்சுப் பூட்டுறது வடிவுக்காக இல்லை. ஊசி வச்ச மீட்டரை நேர பாக்காமல் பக்கத்தால பாத்தீங்கள் எண்டால் ஊசி ஒரு இடத்தில நிக்கும், உங்களுக்கு வேற நம்பர் தெரியும். 90 இல நிக்கிறதை 85 எண்டு வாசிப்பீங்கள். அதோட கண்ணாடி வெளிச்சத்தையும் அடிக்கும். மீட்டரின்ர முகம் உங்கட கண்ணைப் பாத்து நிக்கோணும், மிச்சம் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

1. பேப்பர் அலுவலை முதல் முடியுங்கோ

வாகனம் லீசிங்கில நிக்குதெண்டால் டாஷ்போர்டில ஓட்டை போட முதல் லீசிங் கம்பனிக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ, காசு கட்டி முடியுமட்டும் வாகனம் முழுசா உங்கட இல்லை. இன்சூரன்ஸ் ஃபுல் எண்டால் ஏஜென்டிட்டை கேளுங்கோ, கூடுதலாப் பூட்டின சாமான் பொலிசியில சேருமோ, அதுக்குக் கடிதம் குடுக்கோணுமோ எண்டு. வாயால கேட்டதோட விடாமல் மெசேஜிலயாவது பதில் எடுத்து வையுங்கோ. நாளைக்கு வயரிங் சூடாகி ஏதும் எரிஞ்சால் முதல் கேள்வி உதுதான் வரும்.

மீட்டர், சென்டர் (எஞ்சினில பூட்டி, சூட்டையோ ஒயில் பிரஷரையோ மீட்டருக்கு அனுப்புற சாமான்), வயர் எல்லாத்துக்கும் பில் வாங்கி ஒரு ஃபைலில போடுங்கோ. வேலை தொடங்க முதல் டாஷ்போர்டைப் போனில படம் எடுங்கோ, கழட்டக் கழட்ட ஒவ்வொரு கொனெக்டரையும் எடுங்கோ. வாகனம் வாரண்டியில இருந்தால் கம்பனி வயரை வெட்டாதேங்கோ, அதுக்கு வேற வழி கிடக்கு, கீழ சொல்லுறன். லொறி, பஸ் வச்சிருக்கிற ஆக்கள் கம்பனி மீட்டரையும் வார்னிங் லைட்டுகளையும் ஒண்டையும் கழட்டாதேங்கோ. ஃபிட்னஸ் சேட்டிபிக்கட் எடுக்கப் போகேக்கை அதுகள் வேலை செய்யோணும். புது மீட்டர் பழையதுக்குப் பக்கத்தில நிக்கிற கூடுதல் மீட்டராத்தான் இருக்கோணும்.

2. மீட்டர் வாங்கேக்கை கவனிக்க வேண்டியது

சாதாரணமா வாறது 52 மிமீ சைஸ், அடுத்தது 60 மிமீ. புதுசாச் செய்யிற ஆக்கள் 52 ஐ எடுங்கோ, இடம் பிடிக்கிறது சுகம். 52 எண்டுறது மீட்டரின்ர உடம்பு, முகப்பு வளையம் அதைவிடப் பெருசு, அதால வெர்னியர் (மில்லிமீட்டர் அளக்கிற கலிப்பர்) வச்சு ரெண்டையும் அளந்து எழுதிப்போடுங்கோ. பின்பக்க ஆழத்தையும் கொனெக்டர் குத்தின நிலையில அளவுங்கோ.

சென்டரும் மீட்டரும் ஒரே செட்டாத்தான் வாங்கோணும். ஒரு கம்பனிச் சென்டர் 10 இல இருந்து 180 ஓம் வரைக்கும் ஓடும், இன்னொண்டு 240 இல இருந்து 33 க்கு இறங்கும், ரெண்டையும் மாறிப் போட்டால் மீட்டர் வேலை செய்யிற மாதிரித்தான் இருக்கும், காட்டுறது எல்லாம் பொய். மீட்டர் கிடக்கு சென்டர் இல்லை எண்டு கடையில ஏதோ ஒரு சென்டரை எடுத்துத் தருவினம், வாங்காதேங்கோ. 24 வோல்ட் லொறிக்கு 12 வோல்ட் மீட்டர் வாங்குறதும் நடக்குது, பெட்டியைப் பாருங்கோ. கனடா, லண்டனில இருந்து சொந்தக்காரரைக் கொண்டுவரச் சொல்லுறீங்கள் எண்டால் செல்சியஸோ ஃபாரன்ஹைட்டோ எண்டதைக் கேட்டு எடுப்பியுங்கோ.

ஒயில் பிரஷருக்கு மெக்கானிக்கல் மீட்டரும் விக்கிறாங்கள், ஒரு மெல்லிய குழாய் எஞ்சினில இருந்து ஒயிலோட டாஷ்போர்டுக்கு உள்ளுக்கு வரும். எலக்ட்ரிக்கலை எடுங்கோ. அந்தக் குழாய் உரசி ஓட்டையானால் சூடான ஒயில் உங்கட முழங்காலிலதான் ஊத்தும்.

செலவெண்டு பாத்தால், மலிவு மீட்டர் சில ஆயிரத்தோட முடியும், பேர்போன பிராண்ட் அதைவிடப் பல மடங்கு. ஆனா மீட்டர் விலையை மட்டும் கையில வச்சுக்கொண்டு இறங்காதேங்கோ. ஹோஸ் அடப்டர், ரெண்டு கிளிப், பியூஸ் ஹோல்டர், வயர், சூடு காட்டினால் சுருங்குற குழாய், கூலன்ட், மீட்டரைத் தாங்குற பிவிசி பைப், பட்டி (இடைவெளி அடைக்கிற பசை), பெயின்ட் எண்டு சில்லறை சில்லறையாப் போகும், மலிவு மீட்டர் எண்டால் மீட்டருக்குக் குடுத்த அளவு காசு இதுக்கும் போகலாம். வயரிங் வேலை செய்யிற ஆளிட்டை குடுக்கிறதெண்டால் "ஒரு மீட்டருக்கு எவ்வளவு" எண்டு கேக்காதேங்கோ, டாஷ் கழட்டிப் பூட்டுறது, சென்டர் போடுறது, வயரிங் மூண்டும் சேர்த்துக் கூலி எவ்வளவு எண்டு முதல்லயே பேசுங்கோ.

3. இடமும் கோணமும்

இதுக்குத்தான் கூட நேரம் எடுக்கோணும். ஒரு முழுப் பின்னேரத்தை ஒதுக்குங்கோ, அவசரப்பட வேண்டாம்.

எங்கட வாகனங்களில டிரைவர் வலப்பக்கம், அதால நடுவில றேடியோவுக்குக் கீழ இருக்கிற சின்னத் தட்டு, இல்லாட்டில் ஆஷ்ட்ரே இருந்த இடம்தான் முதல் பாக்க வேண்டிய இடம். பழைய ஜப்பான் வாகனம் அனேகமா எல்லாத்திலயும் ஆஷ்ட்ரே இருக்கும், அதைக் கழட்டினால் ஒரு குழி கிடைக்கும், பழுதாப்போனாலும் அந்தத் துண்டு மட்டும் மாத்தலாம். டாஷ்போர்ட் மெயின் உடம்பில கை வைக்காதேங்கோ. பழைய மொடல் டாஷ்போர்ட் தேடிக் கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புற நிலைமை வரும், வந்தாலும் நிறம் ஒத்து வராது.

டாஷ்போர்டுக்கு மேல வைக்கிறதெண்டால் ரெண்டு விசயம். முன் கண்ணாடியால றோட்டைப் பாக்கிறதை ஒரு துளியும் மறைக்கக் கூடாது. மேல நோக்கிச் சரிஞ்ச மீட்டர் ராவில முன் கண்ணாடிக்குள்ள தன்ர வெளிச்சத்தைக் காட்டும், ஏ9 றோட்டில ராவில ஓடுற ஆக்களுக்கு அது பெரிய தொந்தரவு. எயார்பேக் இருக்கிற வாகனத்தில இடப்பக்க டாஷ்போர்ட் மூடிக்கு மேலயும், பக்கத் தூணில எயார்பேக் எழுத்து இருந்தால் அதிலயும் ஒண்டும் பூட்டவே கூடாது. வெடிச்சால் அந்த மீட்டர் ஆளின்ர முகத்துக்குத்தான் வரும்.

இப்ப கோணம். சீட்டை நீங்கள் வழமையா ஓடுற இடத்துக்குத் தள்ளி, சாஞ்சு இருந்து, ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில வையுங்கோ. ஒரு ஆளைக் கூப்பிட்டு உங்கட ரெண்டு கண்ணுக்கும் நடுவில இருந்து மீட்டர் வரப்போற இடத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கோ. நூல் ஸ்டியரிங் கம்பியிலயோ கியர் லீவரிலயோ முட்டுதெண்டால் அந்த இடம் சரிவராது, கியரை ஒவ்வொண்டாப் போட்டும் பாருங்கோ, 2, 4, ரிவேர்சில கை வந்து மறைக்குதோ எண்டு.

முட்டேல்லை எண்டால் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கொம்பாஸ் பெட்டிப் பாகைமானியை எடுத்து, நூல் எந்தப் பக்கம் சரிஞ்சு வருதோ அந்தப் பக்கத்தில நூலுக்கும் மீட்டர் பூட்டப்போற டாஷ் பலகைக்கும் இடையில எத்தனை பாகை எண்டு பாருங்கோ. 90 இல இருந்து அதைக் கழிச்சால் வாறதுதான் உங்கட சரிவு. நூல் 68 பாகையில வந்தால் சரிவு 22. நடுப் பலகையில மீட்டர் வச்சால் இந்தச் சரிவு மேலயும் வலப்பக்கமும் சேர்ந்துதான் வரும், அதால ரெண்டு தரம் அளக்கத் தேவையில்லை, நூல் காட்டுற ஒரே திசைதான் கணக்கு.

மில்லிமீட்டர் சுத்தமாக் கண்ணைப் பாக்கோணும் எண்டில்லை, 5 பாகை அங்காலை இங்காலை போனால் ஒண்டும் தெரியாது. 15 இல இருந்து 25 வரைக்கும் செய்யிறதுக்கும் சுகம், பாக்கவும் லட்சணமா இருக்கும். 30 க்கு மேல வருதெண்டால் இடத்தை மாத்துங்கோ, மீட்டரைத் தாங்குற பைப் கொம்பு மாதிரி வெளியால நீட்டிக்கொண்டு நிக்கும். மூண்டு மீட்டர் வரிசையா வைக்கிறதெண்டால் நடு மீட்டருக்குக் கோணம் எடுத்து மூண்டையும் அதே கோணத்தில வையுங்கோ.

வெட்ட முதல் காட்போட் மட்டையில ஒரு போலி மீட்டர் செய்து, அந்தக் கோணத்தில டேப்பால ஒட்டி, ரெண்டு மூண்டு நாள் ஓடிப் பாருங்கோ. காலமை ஒருக்கா, மத்தியான வெயிலில ஒருக்கா, ராவில ஒருக்கா. காசு ஒரு சதமும் போகாத சோதனை, ஆனா ஆக்கள் இதைத்தான் விட்டுப்போடுறாங்கள்.

4. பைப்பைச் சரிச்சு வெட்டுறது

ரெடிமேட் பொட் (மீட்டர் வைக்கிற கூடு) வாங்கலாம், ஆனா அதின்ர கோணம் அவங்கள் வச்சதுதான், உங்கட சீட்டுக்கு ஒத்து வரோணும் எண்டில்லை. நான் சொல்லுறது பிவிசி பைப் வழி. ஹார்ட்வெயார் கடையில 2 இஞ்சி எண்டு கேட்டால் வெளிவிட்டம் 63 மிமீ பைப்தான் தருவினம், அதுதான் வேணும். பைப்பில டைப் 600 எண்டு இருந்தால் சுவர் மெல்லிசு, உள்ளுக்கு இடம் கூட. மீட்டரைக் கையோட கொண்டுபோய் உள்ளுக்கு விட்டுப் பாத்து வாங்குங்கோ. முழு நீளம் வாங்கத் தேவையில்லை, வீட்டு வேலை நடக்கிற இடத்தில பிளம்பரிட்டை கேட்டால் ஒரு முழத்துண்டு சும்மாவே கிடைக்கும்.

சரிவுக்கு ஏத்த மாதிரி பைப்பின்ர ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட உயரமா இருக்கோணும். 63 மிமீ பைப்புக்கு அந்த உயர வித்தியாசம் 15 பாகைக்கு 17 மிமீ, 20 க்கு 23, 25 க்கு 29, 30 க்கு 36. வேற சைஸ் பைப் எண்டால் விட்டத்தை அந்தப் பாகையின்ர டான் (tan) பெறுமதியால பெருக்குங்கோ, போன் கல்குலேட்டரிலயே வரும்.

முதல்ல பைப்பின்ர ஒரு வாயை நேரா, சதுரமா வெட்டி அரத்தால மட்டமாக்குங்கோ, மீட்டர் வளையம் உட்காரப்போறது இதிலதான். அந்த வாயில இருந்து கட்டைப் பக்கத்துக்கு ஒரு புள்ளி, அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் நெட்டைப் பக்கத்துக்கு ஒரு புள்ளி வையுங்கோ. கட்டைப் பக்கம் 15 மிமீக்குக் குறையாமல், முதல் அளந்த மீட்டரின்ர பின்பக்க ஆழம் பைப்புக்குள்ள அடங்குற அளவுக்கு விடுங்கோ, நெட்டைப் பக்கப் புள்ளி அதைவிட மேல சொன்ன உயர வித்தியாசத்தின்ர அளவு கூடத் தூரத்தில வரோணும். இனி ஒரு வாளியில தண்ணி எடுத்து, வெட்டின வாய் மேல இருக்கத்தக்கதாப் பைப்பைச் சரிச்சு இறக்குங்கோ, ரெண்டு புள்ளியும் ஒரே நேரத்தில தண்ணி மட்டத்தைத் தொடேக்கை பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. தண்ணி நிக்கிற கோடுதான் நீங்கள் வெட்ட வேண்டிய கோடு. வெளியால எடுத்தவுடனை, ஈரம் காய முதல் பென்சிலால சுத்திக் கீறுங்கோ. ஹக்சோ பிளேட்டால கோட்டுக்கு ரெண்டு மிமீ வெளியால வெட்டி, மிச்சத்தைச் சமதரையில சான்ட்பேப்பரை விரிச்சு அதில தேய்ச்சு இறக்குங்கோ, அடி துல்லியமா உட்காரும்.

பூட்டேக்கை நெட்டைப் பக்கம் உங்கட கண்ணுக்குத் தூரமான பக்கம் வரோணும். நடுப் பலகை எண்டால் கீழ இடப்பக்க மூலை. ஆக்கள் இதை மறுவளமா வைக்கிறதைக் கண்டிருக்கிறன், மீட்டர் இடப்பக்கத்தில இருக்கிற ஆளைப் பாத்துக்கொண்டு நிக்கும்.

5. டாஷ்போர்டில பிடிக்க வைக்கிறது

பற்றரி நெகட்டிவைக் கழட்டிப்போட்டுத் தொடங்குங்கோ. எயார்பேக் வாகனம் எண்டால் கழட்டின பிறகு கொஞ்ச நேரம் விடோணும், டொயோட்டா தன்ர கையேடுகளில 90 செக்கன் எண்டு சொல்லுது, நீங்கள் ஒரு 10 நிமிசம் பேசாமல் விடுங்கோ. எயார்பேக்கின்ர மஞ்சள் கொனெக்டரில கை வைக்காதேங்கோ.

கழட்டின துண்டின்ர பின்பக்கத்தில பிளாஸ்டிக் என்ன இனம் எண்டு அச்சடிச்சிருக்கும். ஏபிஎஸ் (ABS) எண்டால் எபொக்சி கம் பிடிக்கும், ஒட்டுற இடத்தைச் சான்ட்பேப்பரால சொரசொரப்பாக்கி ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கோ. பிபி (PP) எண்டால் சாதாரணக் கம் ஒண்டும் நிண்டு பிடிக்காது, பைப்புக்கு உள்பக்கமாச் சின்ன எல் கிளிப் ரெண்டு வச்சு ஸ்குறூவாலதான் இறுக்கோணும். குளூ கன், ரெட்டை டேப் ரெண்டையும் மறந்துபோடுங்கோ, பங்குனி சித்திரை வெயிலில கண்ணாடி பூட்டி வெளியில நிக்கிற வாகனத்துக்குள்ள அதுகள் இளகி மீட்டர் தொங்கும்.

பலகையில பெரிய ஓட்டை தேவையில்லை, வயர் போக 20 மிமீ ஓட்டையும் அதுக்கு ஒரு றபர் குறொமட்டும் (வயர் உரசாமல் ஓட்டை ஓரத்தில போடுற வளையம்) காணும். பைப்புக்கும் பலகைக்கும் இடையில பட்டி பூசி, தேய்ச்சு, மட் கறுப்பு அடியுங்கோ. பளபளப்பு வேண்டாம், வெயில் தெறிக்கும். மீட்டர் உடம்பைச் சுத்தி ஃபோம் நாடா ஒரு சுத்துச் சுத்தி உள்ளுக்கு அமத்தினால் ஆடாமல் நிக்கும். இன்னொண்டு, மீட்டரை உள்ளுக்கு வைக்கேக்கை, நோர்மல் ஓட்டத்தில ஊசி நிக்கிற நம்பர் நேர மேல வாற மாதிரிச் சுழட்டி வையுங்கோ. எழுத்துச் சரிஞ்சு தெரியும், பரவாயில்லை. ஊசி நட்டுக்கு நிண்டால் எல்லாம் சரி எண்டு ஒரு பார்வையில விளங்கும், நம்பர் வாசிக்கத் தேவையில்லை.

6. சென்டர்

எஞ்சின் நல்லா ஆறின பிறகு, காலமைதான் செய்யுங்கோ. ஹீட் சென்டருக்கு றேடியேட்டர் மேல் ஹோஸை வெட்டி இடையில அலுமினிய அடப்டர் போடுறதுதான் சுகமான வழி, ஹோஸின்ர உள்விட்டத்தை அளந்துபோட்டு அடப்டர் வாங்குங்கோ. இதில ஒரு பொறி கிடக்கு. அடப்டருக்கு ரெண்டு பக்கமும் றபர், அதால எர்த் (கரண்ட் பற்றரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போற வழி) வராது. ஒற்றை வயர் சென்டர் எண்டால் அடப்டரில இருந்து எஞ்சினுக்குத் தனியா ஒரு எர்த் வயர் குடுக்கோணும், இல்லாட்டில் மீட்டர் அசையவே மாட்டுது. மீட்டர் பழுதெண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோற ஆக்களில கனபேருக்குப் பிரச்சினை உதுதான்.

ஒயில் சென்டரின்ர மரை அடுத்த பொறி. ஜப்பான் எஞ்சினில கனக்க வாறது பிரிட்டிஷ் டேப்பர் மரை, இஞ்சிக்கு 28. மீட்டரோட வாற சென்டர் அமெரிக்க மரை, இஞ்சிக்கு 27. ரெண்டும் எட்டில ஒரு இஞ்சி சைஸ்தான், ரெண்டு மூண்டு சுத்துச் சுகமா ஏறும், பிறகு இறுகும், இறுக்கினால் எஞ்சின் புளொக்கின்ர மரை போயிடும். லேத் பட்டறையில சொல்லிப் பித்தளையில அடப்டர் ஒண்டு கடைஞ்சு எடுங்கோ, சென்டரையும் பழைய ஒயில் சுவிச்சையும் ரெண்டையும் கையோட கொண்டுபோங்கோ. பழைய சுவிச்சைக் கழட்டி எறியாமல் T வடிவ இணைப்புப் போட்டு ரெண்டையும் வச்சிருங்கோ, அப்பதான் கம்பனி வார்னிங் லைட் வேலை செய்யும். மரைக்கு, பிளம்பர் சுத்துற வெள்ளை டேப் கனக்கச் சுத்தினாலும் எர்த் குழம்பும், மெல்லிசா ஒரு சுத்து, முன் ரெண்டு மரையையும் விட்டுப்போட்டு.

கூலன்ட் குறைஞ்சதை நிரப்பேக்கை கிணத்துத் தண்ணி ஊத்தாதேங்கோ. எங்கட நிலம் சுண்ணாம்புக் கல்லு, கேத்தில் அடியில படியிற அதே வெள்ளைதான் றேடியேட்டருக்குள்ளயும் படியும். கூலன்டும் டிஸ்டில்ட் வோட்டரும் மட்டும்.

7. வயரிங்

மீட்டருக்கு நாலு வயர் வரும்: சுவிச் போட்டால் வாற கரண்ட், எர்த், சென்டர், ராவு வெளிச்சம். சில மீட்டருக்கு எப்பவும் கரண்ட் வாற அஞ்சாவது ஒண்டும் இருக்கும். நிறத்தை நம்பாதேங்கோ, பெட்டிக்குள்ள இருக்கிற தாளைப் பாருங்கோ. கரண்டைப் பியூஸ் பெட்டியில இருந்து பியூஸ் டாப் (பியூஸ் இருக்கிற இடத்தில குத்தி இன்னொரு லைன் எடுக்கிற சாமான்) வச்சு எடுங்கோ, கம்பனி வயரை வெட்டத் தேவையில்லாத வழி இதுதான், அதில 3 இல்லாட்டி 5 அம்பியர் பியூஸ் போடுங்கோ. வெளிச்ச வயரைப் பார்க்கிங் லைட் லைனுக்குக் குடுங்கோ. எர்த்தை டாஷ்போர்டுக்குப் பின்னால பெயின்ட் சுரண்டின இரும்பில இறுக்குங்கோ, ஸ்டியரிங் தண்டில வேண்டாம்.

எஞ்சின் பக்கம் போற வயர் பயர்வோல் (எஞ்சினுக்கும் ஆக்கள் இருக்கிற பக்கத்துக்கும் நடுவில இருக்கிற தகட்டுச் சுவர்) ஓட்டையில குறொமட் இல்லாமல் போகவே கூடாது. முறுக்கி டேப் சுத்துற வேலை வேண்டாம், எங்கட புழுக்கத்துக்கு டேப்பின்ர பசை இளகி வழுகி வந்திடும், ஈயம் பிடிச்சுச் சுருங்குற குழாய் போடுங்கோ.

8. சரி பாக்கிறது

ஹீட் சென்டரை எஞ்சினில பூட்ட முதல் வீட்டிலயே சோதிக்கலாம். மீட்டருக்குப் பற்றரியில கரண்ட் குடுத்து, சென்டர் உடம்பைப் பற்றரி நெகட்டிவோட ஒரு வயரால இணைச்சு, நுனியை மட்டும் கொதிக்கிற தண்ணியில பிடியுங்கோ. யாழ்ப்பாணம் கடல் மட்டம், தண்ணி 100 இல கொதிக்கும், மீட்டரும் 100 க்குக் கிட்டக் காட்டோணும். 80 காட்டினால் அப்பவே செட் மாறியிருக்கு எண்டு தெரியும், கடைக்குத் திருப்பலாம், பில் கையில இருக்கு.

பூட்டின பிறகு, 12 வோல்ட் வாகனம் எண்டால், எஞ்சின் ஓடாமல் வோல்ட் 12.6 க்குக் கிட்டவும், ஓடேக்கை 13.8 இல இருந்து 14.4 க்குள்ளயும் நிக்கோணும். ஹீட் 80க்கும் 95க்கும் இடையில நிண்டு பிடிக்கும், வாகனத்துக்கு வாகனம் வித்தியாசம், உங்கட எஞ்சினுக்கு எது நோர்மல் எண்டு ஒரு கிழமை பாத்து எழுதிப்போடுங்கோ.

எல்லாம் தானே செய்யிற ஆளுக்கு ஒரு சனி, ஞாயிறு காணும், பட்டியும் பெயின்டும் காயுற நாளைத் தனியா வையுங்கோ, அவ்வளவும் வாகனம் ஓடத் தேவையில்லாத கிழமையாப் பாத்துத் தொடங்குங்கோ. முடிஞ்சு முதல் தூர ஓட்டம், கிளிநொச்சி மட்டும் போய்வந்தாலும் காணும், வந்து எஞ்சின் ஆறின பிறகு ஹோஸ் கிளிப் ரெண்டையும் ஒருக்கா இறுக்கி, அடப்டருக்குக் கீழ கையை வச்சு ஈரம் இருக்கோ எண்டு பாருங்கோ. ஒயில் சென்டரையும் வெள்ளைத் துணியால ஒத்திப் பாருங்கோ. இதையே அடுத்த கிழமையும் ஒருக்காச் செய்யுங்கோ.